துரை பங்களாவின் நடை

என் மனைவிக்கு அடுத்த மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மலைப்பக்கம் போவதையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "அப்ப அதுக்குள்ள ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கல்யாணமான நாற்பத்தாறு வருடங்களாக அவள் கேட்கிற இடம் ஒன்றுதான். மூணாறில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா.

அவளுடைய அப்பா அங்கே முப்பத்தொரு வருடம் பட்லராக இருந்தார். வெள்ளைக்காரத் துரை போய் நம்மவர்கள் துரையான பிறகும் பங்களாவின் வழக்கம் மாறவில்லை. வேலைக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும் பின்பக்கத்துச் சமையலறையோடு சரி. அங்கிருந்து முன்கூடத்துக்குப் போகும் நடையின் கடைசியில் பச்சைத் திரை ஒன்று தொங்கும். தேநீர்த் தட்டு ஏந்தியவர் மட்டுமே அதைத் தாண்டலாம். எட்டு வயதில் இவள் திரையின் ஓரத்தை விலக்கி, கணப்பில் எரிந்த நெருப்பையும் அதன் எதிரே இருந்த நாற்காலியையும் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு முறை உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பங்களா இப்போது தங்கும் விடுதி. காக்கநாட்டில் கணினி வேலை பார்க்கும் மகள் ஓர் அறை எடுத்துக் கொடுத்தாள்.

எங்கள் வீட்டருகே மட்டாஞ்சேரி படகுத் துறையில் காலைப் படகைப் பிடித்து, அக்கரையில் மூணாறு பேருந்து ஏறினோம். இரண்டு பைகள், ஒரு பிளாஸ்க், ஒரு குடை. மாத்திரை டப்பாவை மூன்று முறை திறந்து பார்த்துக்கொண்டேன். பேருந்து நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டியதும் வளைவுகளை எண்ணத் தொடங்கி, அறுபத்தேழில் மூடுபனி வந்ததும் கணக்கை விட்டேன். மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவள் சன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து விழித்தபடியே இருந்தாள். தூக்கத்தில் போவது போலத்தான் போய்ச் சேர்ந்தோம்.

முன்வாசலுக்கு ஒன்பது கற்படிகள். பைகளோடு ஏறித் திரும்பினால் அவளைக் காணோம். பனி மட்டும் நின்றது. விழுந்துவிட்டாளோ என்று பதறி, பின்பக்கம் கேட்ட பேச்சுக்குரலை நோக்கி வீட்டைச் சுற்றி ஓடினேன். சமையலறை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தங்க வந்தவங்க முன்னால வரணும்மா" என்றாள் சமையல்காரப் பெண். "மானேஜர் சேட்டன் பாத்தா என்னையில்ல ஏசுவாரு!"

"எனக்கு இந்த வழிதான் தெரியும் தாயி."

"உனக்கு என்ன பைத்தியமா? அறை எடுத்து வந்திருக்கோம்" என்றேன்.

"நீங்க அப்படிப் போங்க. நான் இப்படி வாரேன்."

எனக்குக் கோபம். பைகள் வேறு படியில் கிடந்தன. முன்பக்கமாகவே போய்க் கூடத்தில் உட்கார்ந்தேன். கணப்பில் நான்கு கட்டைகள் எரிந்தன. சன்னல் இடுக்கில் நுழைந்த பனி கொஞ்சம் தயங்கி, நெருப்பின் அருகே கரைந்தது. கணப்பின் முன்னால் அகலக் கைகள் வைத்த பழைய பிரம்பு நாற்காலி, காலியாக.

நடையில் காலடி கேட்டது. பதினெட்டு எண்ணினேன், நின்றுவிட்டது. இருட்டில் அவள் முகம் தெரிந்தது. திரை எப்போதோ போய்விட்டது, கம்பி மட்டும் இருந்தது. அதற்கு நேர் கீழே நின்றாள்.

"வா."

தலையை ஆட்டினாள். வருகிறேன் என்றா, மாட்டேன் என்றா, தெரியவில்லை. எழுந்து போய்க் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. அசையவில்லை. இத்தனை தூரம் வந்து இப்படியே திரும்பப் போகிறோம் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து சமையல்காரப் பெண்ணின் குரல். "தள்ளுங்கம்மா, கையில தட்டு இருக்கு. சாயா ஆறுது!"

பட்லர் மகளால் தேநீரை ஆறவிட முடியாது. சட்டென்று ஓரடி முன்னால் வந்தாள். தட்டுக்கு இன்னும் இடம் போதவில்லை. இன்னும் இரண்டடி வைத்தாள். கூடத்துக்குள் வந்துவிட்டதை அப்புறம்தான் கவனித்தாள். அந்தப் பெண் தட்டை நாற்காலியின் பக்கத்து மேசையில் வைத்து, "உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தாள். முதலில் விளிம்பில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தாள். கால்கள் தரையை எட்டவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சீனி பத்தாது."

"அடியாத்தி! கொண்டு வாரேன்" என்று சிரித்துக்கொண்டே அந்தப் பெண் நடைக்குள் போனாள்.

வீட்டில் என்றால் இவளே எழுந்து போயிருப்பாள். இங்கே எழுந்திருக்கவில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சீனி வருவதற்காகக் காத்திருந்தாள்.