பால் போல் வெளுத்த பன்னீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு சிறிய அத்தர்க் கடை இருந்தது. தொப்பி, தஸ்பீஹ் மணிமாலை, கண்ணுக்கிடும் சுருமா விற்பேன். கலியாண வீடுகளுக்குப் பன்னீரும் கலந்து கொடுப்பேன். வாசனை எண்ணெயை முதலில் ஸ்பிரிட்டில் கரைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். அளவோடு நிறுத்தினால் கண்ணாடி மாதிரி நிற்கும். சற்றுக் கூடிவிட்டால் பால் போல் வெளுத்துவிடும். வெளுத்ததை யாரும் கெட்டுப்போன சரக்கு என்றே நினைப்பார்கள்.

அப்போது சவூதியில் ஒரு வாசனைக் கடையில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் என் கடைக்கு நேரெதிரே கடை திறந்தார். என் வயதுதான் அவருக்கும். கடைக்குள் டேப் ரெக்கார்டர், சுவரெல்லாம் கண்ணாடி. வாசலில் நின்றபடி, “வாங்க மச்சான், காசு தரத் தேவையில்ல, மணந்து பார்த்திட்டுப் போங்க” என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிடுவார். எனக்கு அந்த வாய் கிடையாது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் என் வாடிக்கைக்காரர் தெருவைக் கடந்திருப்பார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவருடைய பன்னீர். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குக் கூட்டம் கூடினால், வீட்டுக்காரர்கள் பன்னீரில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கிக்கொள்வார்கள். என் பன்னீரில் ஊற்றினால் வெளுக்கும். அவருடையதில் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. சவர்க்காரம்தான் கலக்கிறார் என்று முடிவு கட்டினேன். எண்ணெயையும் தண்ணீரையும் வேறு எது சேர்த்து வைக்கும்?

மனைவியை அனுப்பி அவருடைய பன்னீரில் ஒரு போத்தல் வாங்கி வரச் செய்து, குலுக்கிப் பார்க்கச் சொன்னேன்.

“நுரை வரல்ல. இன்னும் குலுக்கட்டா? கை நோகுது.”

“இன்னும் கொஞ்சம் குலுக்கு.”

நுரை வரவே இல்லை. பிடிவாதமாக என் பன்னீரில் நானே கொஞ்சம் சவர்க்காரத்தைக் கரைத்துப் பார்த்தேன். பொங்கி வழிந்தது. மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, “இதத் தெளிச்சா மாப்பிள்ளை தனியாக் குளிக்கத் தேவையில்ல” என்றாள்.

கடையில் வியாபாரம் படுத்துக்கொண்டிருந்த நேரத்தில், சாய்ந்தமருதில் ஒரு நெல் ஆலை முதலாளி தன் மகளின் கலியாணத்துக்குப் பன்னீர் கேட்டார். ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் வரும் கலியாணம். அது நல்லபடியாக நடந்தால் கடை நிமிரும். இல்லாவிட்டால் பூட்டிவிட்டு நாவிதன்வெளிப் பக்கம் வயல் வேலைக்குப் போக வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால், அந்த ஓடர் எனக்குக் கிடைத்ததைவிட எதிர்க்கடைக்குக் கிடைக்காததுதான் எனக்குப் பெரிய சந்தோசம்.

கலியாணத்தன்று மாலை, அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வரும் நேரம். பன்னீரைப் பெரிய போத்தலில் பந்தலில் வைத்துவிட்டு, தெளிக்கும் வெள்ளிச் செம்பைத் துடைத்து வரப் போனேன். திரும்பி வந்தபோது பெண்ணின் உம்மா, கூட்டத்துக்குக் காணாது என்று, போத்தலில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். என் கண் முன்னாலேயே எல்லாம் வெளுத்தது. தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம் வரும் சத்தம் கேட்டது. உள்ளே பெண்கள் குரவையிடத் தொடங்கிவிட்டார்கள்.

முதலாளி போத்தலைப் பார்த்தார். “இதென்ன, பன்னீரா மோரா?”

பந்தலே சிரித்தது. பெண்ணின் உம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் போத்தலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சிரித்த முகங்களுக்கு நடுவே எதிர்க்கடைக்காரரும் நின்றிருந்தார், மாப்பிள்ளை வீட்டு விருந்தாளியாக முன்கூட்டியே வந்தவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

“என்ன மச்சான், என்னட்டத் தந்து வெச்ச போத்தல மறந்திட்டீங்களா?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, தன் பையிலிருந்து ஒரு ஸ்பிரிட் போத்தலை எடுத்தார். நான் அவரிடம் எதையும் கொடுத்து வைத்ததில்லை. அவரோடு முகம் கொடுத்துக் கதைத்ததுகூட இல்லை.

“முதலாளி, வேலை முடியிறத்துக்கு முதல் கோபப்பட்டா எப்பிடி?” என்றபடி ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஆட்டினார். வெள்ளை மெலிந்து, லேசான நீலமாகி, பிறகு முழுவதும் தெளிந்தது. செம்பில் ஊற்றி என் கையில் தந்தார். “நீங்களே தெளியுங்க.” மாப்பிள்ளை பந்தலுக்குள் நுழைந்தார். நான் தெளித்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அவரைத் தனியாகப் பிடித்து, சவர்க்காரம் போடுவதில்லையா என்று கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நம்மட ஊர்ல கலியாண வீட்டுக்காரர் தண்ணி ஊத்தாம இரிப்பாங்களா? அந்தத் தண்ணிக்கும் சேர்த்துத்தான் நான் முன்கூட்டியே ஸ்பிரிட்டக் கூட்டி, எண்ணெயக் குறைச்சு வைக்கிறன். போற கலியாண வீட்டுக்கெல்லாம் பையில ஒரு போத்தல் ஸ்பிரிட்டும் கொண்டு போவன்.”

பிறகு ஆலை முதலாளியின் இருட்டான நெல் அறைக்குள் என்னைக் கூட்டிப்போய், தெளிந்த பன்னீருக்குள் டோர்ச் அடித்துக் காட்டினார். வெறும் தண்ணீருக்குள் தெரியாத ஒரு மெல்லிய நீல ஒளிக்கோடு அதற்குள் தெரிந்தது. “தெளிஞ்சிட்டு எண்டு எண்ணெய் எங்கயும் போகல்ல. கண்ணுக்குத் தெரியாத பொடித் துளியா உள்ள நிக்குது. எண்ணெயும் தண்ணியும் சண்டை பிடிக்காம ஸ்பிரிட் நடுவில நிண்டு பார்த்துக்கொள்ளுது, அவ்வளவுதான்.” போட்டிக்காரனான என்னிடம் கலவை அளவையும் அங்கேயே சொல்லித் தந்தார்.

அதற்குப் பிறகு கலியாண வீடுகள் என்னையும் தேடி வந்தன. கடை தப்பியது. அவருடைய பன்னீர் மீது எனக்கு இருந்த பொறாமை அன்றோடு போய்விட்டது. ஆனால் அன்று அவருடைய போத்தல் வெளுத்து, ஸ்பிரிட் என் பையில் இருந்திருந்தால் நான் எடுத்துக் கொடுத்திருப்பேனா என்று கேட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் மனதின் மீது பொறாமை வருகிறது. இதற்கு மட்டும் இன்னும் மருந்து கிடைக்கவில்லை.