மாமா விட்ட எட்டு மணித்தியாலம்

மாமாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்த, செத்தவரைப் பாடும் கல்வெட்டுப் புத்தகத்தில் 'வானசாத்திரம் கரை கண்டவர்' என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியவர் தூரத்து உறவான ஒரு புலவர். என்னைக் கேட்டிருந்தால், அவர் கரைக்கு எட்டு மணித்தியாலம் இந்தப் பக்கம் நின்றுவிட்டவர் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அவர் உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் எழுதுகிறேன், ஆகவே எனக்குப் பாவம் இல்லை.

மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். நில அளவைக் கந்தோரில் படம் கீறி, பென்சன் எடுத்துக்கொண்டு புத்தூரில் வந்து இருந்தவர். வேலியில் ஒரு சாண் பிசகினால் பக்கத்துக் காணிக்காரனைக் கோட்டு வழக்கு வரைக்கும் இழுப்பார். மூன்று பக்கத்து வீட்டுக்காரர்களோடும் கதை பேச்சு இல்லை. நாலாம் பக்கம் ஒழுங்கை. அதனோடு சண்டை பிடிக்க முடியாததால் அந்தப் பக்கம் மட்டும் சமாதானமாக இருந்தது.

அந்த வீட்டில் எனக்கு இருக்க விருப்பமில்லை. எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்த பெண் தன் சீதன வீட்டில்தான் இருப்பாள். கொக்குவிலில் என் சீதன வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரை ஏறவில்லை. அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே செத்துவிட்டா. என் கணவர் மலாயாவில் கிளாக்கர். முப்பத்தேழாம் ஆண்டு லீவில் வந்து என்னைக் கட்டி, வயிற்றில் பிள்ளையையும் தந்து, தாய் தகப்பனிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். 'வீடு முடியும் வரைக்கும்தான்' என்றார். அந்த வீடு முடிய ஒன்பது வருடம் சென்றது.

மாமாவின் கிரகணக் கதை அந்த வீட்டில் தினப்படி சோறு. தொளாயிரத்து ஓராம் ஆண்டு கார்த்திகையில், பகல் ஒன்றேகாலுக்கு, சூரியனின் நடுவை நிலவு மறைத்து விளிம்பு மட்டும் வளையமாக மிஞ்சியதை அவர் கண்ணாடியில் புகை பிடித்து முற்றத்தில் நின்று பார்த்தவர். அப்போது மாமிக்கு ஏழு மாதம். வயிற்றில் என் கணவர். மாமியை அறைக்குள் விட்டுப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டுதான் வளையம் பார்த்தாராம். கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக் கூடாது, எதையும் வெட்டக் கூடாது, நீட்டி நிமிர்ந்து கிடக்க வேண்டும். வெட்டினால் பிள்ளையின் உதடு வெட்டுப்படும். "பூட்டி வைச்சபடியாலைதான் என்ரை பெடியன் ஒரு மறுவும் இல்லாமல் பிறந்தவன்" என்று ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். மாமி பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவார்.

அந்த வளையம் திரும்ப வரும் என்று கந்தோரில் ஒரு துரை அவருக்குச் சொல்லியிருக்கிறான். பதினெட்டு வருடமும் பத்துப் பதினொரு நாளும் சென்றால் அதே கிரகணம் மறுபடி பிடிக்கும். மாமா அதை நாட்கணக்காக்கி ஒரு கறுப்பு மட்டைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்: ஆறாயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்து நாள். அந்தக் கணக்குப்படி பத்தொன்பதாம் ஆண்டில் ஒருநாள் வந்தது. அன்றைக்கு விடியத் தொடங்கிய மாரிமழை பொழுதுபடும் வரை பெய்ததாம். சூரியனே தெரியாத நாளில் கிரகணம் தெரியவில்லை என்று யார் சொல்லுவார்? 'முகிலுக்குப் பின்னால் நடந்தது' என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். அடுத்த ஆறாயிரத்துச் சொச்சம் நாள் முப்பத்தேழாம் ஆண்டு மார்கழி இரண்டாம் திகதி, ஒரு வியாழக்கிழமை, அமாவாசையில் வந்து விழுந்தது. எனக்கும் ஏழு மாதம்.

பஞ்சாங்கத்தில் அன்றைக்கு எங்கள் ஊருக்குத் தெரியும் கிரகணம் என்று எதுவும் இல்லை. கோயில் ஐயரும் இல்லை என்றார். மாமா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஊர் சிரித்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் போய் யார் நாலாவது காலைக் காட்டுவது?

"பஞ்சாங்கத்திலை இல்லையே, மாமா?" என்று கேட்டேன்.

"பஞ்சாங்கம் பாக்கிறவன் ஐயர். கணக்குப் போடுறவன் நான். வியாழக்கிழமை பதினொரு மணியிலை இருந்து மூண்டு மணி மட்டும் நீர் அறைக்குள்ளை."

மாமியைப் பார்த்தேன். மாமி அன்றைக்குச் சோற்றுப் பானைக்கு மேல் போடத் தர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் மாரி. வானம் சாம்பல் பூசினது போல் கிடந்தது. அறையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தேன். பசி. அமாவாசை விரதச் சமையல் பானையில் மூடிக் கிடக்கிறது, மூன்று மணிக்கு முன் தொட முடியாது. யன்னல் கம்பிக்குள் கொய்யாக் கொப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதில் ஒரு பழம். பேனாக்கத்தி ஒன்று மேசை லாச்சியில் இருந்தது. வராத கிரகணத்துக்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்ற ஆத்திரமும் சேர்ந்துதான் வெட்டினேன் என்பதை ஒளிக்கவில்லை. இரண்டாவது துண்டு வாயில் இருந்தபோது கதவு திறந்தது. நான் நிமிர்ந்து கிடக்கிறேனா என்று பார்க்க வந்த மாமா கத்தியைக் கண்டார். திரும்பிப் போய்க் கொப்பியை எடுத்தார். பிறகு அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்: 'பகல் ஒன்று பத்து. மருமகள் கொய்யாப்பழம் வெட்டினா.' அதற்குக் கீழே, 'முகிலுக்குப் பின்னால் நடந்தது.'

மாசியில் பெண்பிள்ளை பிறந்தது. மருத்துவிச்சி பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் தராமல் மாமியிடம் கொடுத்தாள். மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது.

பால் உறிஞ்ச அதனால் முடியவில்லை. பீச்சிய பாலைச் சின்னக் கரண்டியால் தொண்டைப் பக்கமாக ஊற்றுவேன், பாதி மூக்கால் வரும். மூன்று மாதம் நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. அந்த மூன்று மாதமும் விறாந்தையில் மாமா கொப்பியை விரித்து வருவோர் போவோருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். மார்கழியில் சிரித்த ஊர் இப்போது சிரிக்கவில்லை. "அப்ப கிரகணம் வந்துதான் இருக்குது" என்றார்கள். அவருடைய கணக்குக்கு வானம் சாட்சி சொல்லவில்லை. என் பிள்ளையின் உதட்டைச் சாட்சியாக்கினார்கள். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டொக்டர் அம்மா பிள்ளையின் உதட்டைத் தைத்துவிட்டா. நல்ல கை. தழும்பு மட்டும் மேலே சுண்டி நின்றது. 'இது ஏன் வந்தது?' என்று கேட்டேன். 'தெரியாது, இப்படிப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் பிறக்குதுகள்' என்றா. அந்த வீட்டில் வந்து இதைச் சொன்னேன். மாமா கேட்டது போலவே காட்டவில்லை. மலாயாவிலிருந்து கடிதம் வந்தது. என் கணவர் எழுதியிருந்தார்: 'ஐயா சொன்னதை ஒருநாள், ஒரு நாலு மணித்தியாலம், உம்மாலை கேட்க முடியாமல் போச்சா?' அதற்கு நான் பதில் எழுதவில்லை. பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான், கடிதமே நின்றுபோனது.

இவ்வளவையும் பொறுத்தேன். மகளுக்கு ஐந்து வயது முட்டப் போகும் நாளில், சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது, உதட்டுத் தழும்பைத் தொட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, நீங்களோ என்ரை சொண்டை வெட்டினது?"

"ஆர் சொன்னது?"

"அப்பப்பா சொன்னவர். கொப்பியிலை இருக்காம்."

சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். ஊர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, கணவர் என்ன எழுதினாலும் சரி. இந்த ஒருத்தி மட்டும் அதை நம்பிக்கொண்டு வளரக் கூடாது. கண்ணாடி பார்க்கும் நேரமெல்லாம் என் கையில் ஒரு கத்தியைக் காண்பாளே.

அடுத்த நாளே கொக்குவிலுக்குப் போனேன். என் தம்பி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். கொப்பியில் இருந்ததை ஒரு கடதாசியில் பார்த்தெழுதிக்கொண்டு போயிருந்தேன். பள்ளிக்கூட அலுமாரியில் இருந்த ஒரு பழைய வானசாத்திரப் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு மணித்தியாலம் புரட்டினான். பிறகு சிரித்தான்.

"நாள் சரி, அக்கா. ஆனா நாளோடை எட்டு மணித்தியாலமும் இருக்குது. அதை உங்கடை மாமா எங்கை விட்டவர்?"

மேசையில் இருந்த தோடம்பழத்தைத் திருப்பிக் காட்டி விளங்கப்படுத்தினான். அந்த எட்டு மணித்தியாலத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடும். ஆகவே அதே கிரகணம் அடுத்த முறை உலகத்தின் வேறொரு பக்கத்தில் விழும். பத்தொன்பதாம் ஆண்டில் விழுந்தது அமெரிக்காப் பக்கம். முப்பத்தேழில் பசிபிக் கடல். மூன்றாம் முறை எட்டும் எட்டும் எட்டும் ஒரு முழு நாளாகிவிடும் என்பதால் ஐம்பத்தைந்தில் எங்கள் பக்கம் திரும்பும் என்றான். திரும்பியது. மாமா அதுவரை இருந்திருந்தால் தன் கணக்குத்தான் வென்றது என்று மேளம் அடித்திருப்பார்.

வேலியில் ஒரு சாண் விடாத மனிதன் வானத்தில் எட்டு மணித்தியாலத்தை விட்டிருக்கிறார். பஸ்ஸில் திரும்பி வரும்போது இதை நினைத்து நினைத்து எனக்குக் கோபம் ஏறியது.

தைப்பொங்கலன்று விறாந்தை நிறைய ஆட்கள். பொங்கல் தின்று முடிந்து வெற்றிலைத் தட்டம் சுற்றி வந்தது. நான் கறுப்புக் கொப்பியைக் கொண்டுபோய் மாமாவின் மடியில் வைத்தேன்.

"மாமா, ஓராம் ஆண்டு வளையம் எத்தினை மணிக்கு?"

"பகல் ஒண்டேகால்." அவருக்குச் சந்தோஷம். ஆட்கள் இருக்கும்போது அந்தக் கதை கேட்டால் அவருக்கு எப்போதும் சந்தோஷம்.

"ஒவ்வொரு முறையும் நாளோடை எட்டு மணித்தியாலம் கூட்ட வேணும். நீங்கள் கூட்டேல்லை. ரெண்டு முறைக்குப் பதினாறு. ஒண்டேகாலோடை பதினாறைக் கூட்டுங்கோ."

அவர் வாய் முணுமுணுத்தது. விரல் மடங்கியது. கணக்குத் தெரிந்தவர்தான், பொய்க் கணக்குப் போட அவரால் முடியாது. முகம் கறுத்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழமை விடிய அஞ்சேகால்" என்று நானே சொன்னேன். "சூரியன் எழும்ப முந்தி. பூமிக்கு அங்காலை, கடலிலை. நான் கொய்யாப்பழம் வெட்டினது அதுக்குப் பதினாறு மணித்தியாலம் முந்தி. விடிய அஞ்சேகாலுக்கு நான் பாயிலை கிடந்தனான். நீங்கள் சாமி கும்பிட மணி அடிக்கிறது அஞ்சரைக்கு. அதுக்குத்தான் நான் எழும்புறனான்."

ஒருவர் வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு இருந்தார். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று இன்னொருவர் மெல்லச் சொன்னார். மாமா கொப்பியை மூடினார். வருத்தம் தெரிவிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் அவர் சொன்னதையும் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நீர் வேறை ஏதோ பிழை விட்டிருக்கிறீர்" என்றார்.

திரும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். வென்ற மாதிரியே இல்லை. மாமி அடுப்படியில் குந்தியிருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். என்னைப் பார்க்காமலே கதைத்தார்.

"உந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, பிள்ளை. ஓராம் ஆண்டு நானும் பாத்தனான்."

"என்னத்தை?"

"வளையத்தை. அப்ப இது ஓலைக்கூரை. ஓலையெல்லாம் ஓட்டை. ஓட்டையாலை விழுற வெளிச்சம் ஒவ்வொண்டும் வளையம் வளையமாய் நிலத்திலை விழுந்தது. என்ரை வயித்திலையும் விழுந்தது. பத்து நிமிசத்துக்கு மேலை இருந்தது. நல்ல வடிவு. நான் அப்ப பாக்கு வெட்டிக்கொண்டு இருந்தனான். வெட்டி வெட்டிப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

திறப்பை மடியில் செருகிய மாமாவுக்குக் கூரையில் ஓட்டை இருந்தது தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருடம். கரண்டியால் பால் ஊற்றிய நாட்களில் மாமி பக்கத்தில் இருந்தவர். பாதிநாள் பிள்ளையைத் தன் மடியில் வைத்திருந்தவர். விறாந்தையில் கொப்பி வாசிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது போலவே அவருக்கும் கேட்டது.

"தெரிஞ்சு கொண்டோ, மாமி, என்னை இவ்வளவு நாளும்..."

"அவருக்குத் தெரிஞ்சா என்னை உயிரோடை விடமாட்டார்."

"சரி. அவருக்குச் சொல்ல வேண்டாம்." வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டேன். கையெல்லாம் பொங்கலோடு ஓடி வந்தாள். "எனக்குச் சொன்னதை இவளுக்குச் சொல்லுங்கோ."

"சின்னப் பிள்ளைக்கு என்னத்துக்கு?"

"இவளுக்குத்தான் வேணும்."

மாமி சொன்னார். ஓட்டை, வளையம், வயிறு, பாக்குவெட்டி எல்லாம் சொன்னார். "உன்ரை அப்பாவின்ரை சொண்டுக்கு ஒண்டும் நடக்கேல்லை. அப்ப உன்ரை சொண்டுக்கு நடந்ததும் கொம்மாவாலை இல்லை, குஞ்சு" என்றார்.

மகள் விரலில் ஒட்டிய பொங்கலை நக்கிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு மாமியைப் பார்த்தாள்.

"அப்பாச்சி, அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

மாமி ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதத் தொடங்கினார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.