நகுருவில் சம்பந்தம் வைத்தவர்

பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சோறு விழுந்த நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. கென்யா நாட்டு எண். இடது கையால் எடுத்துக் காதில் வைத்தேன். "கதிர்வேல், மாமா பத்மா போய்விட்டார்" என்று நம் கென்யா ஆலையின் கூட்டாளி வஞ்சிரு அம்மையார் ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மா. கோவை வடவள்ளியில் காலமானவரின் செய்தி, கடலுக்கு அப்பால் நகுரு என்ற ஊரைச் சுற்றிக்கொண்டு எனக்கு வந்து சேர்ந்தது. தாயின் மூச்சு அடங்கியதும் பத்மாவதி அவர்களின் மகள் முதலில் அழைத்தது வஞ்சிருவைத்தான். பத்மாவதியை அறிந்த யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

கோவை கணபதி பகுதியில் இருந்த நம் பம்ப் கம்பெனியின் வெளிநாட்டுப் பிரிவை முன்னின்று நடத்தியவர் அவர். நான் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். இருவரும் ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள், ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் நான் கடைசி வரை அவரை 'மேடம்' என்றுதான் அழைத்தேன். அது பதவிக்குக் கொடுத்த மரியாதை என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு வேறு சொல் வாயில் வரவில்லை என்பதுதான் உண்மை.

ஆப்பிரிக்காவில் ஓர் ஆலை தொடங்குவது என்று முடிவானபோது, சென்னையிலிருந்து ஆலோசகர்கள் வந்து திரையில் படங்கள் போட்டுக் காட்டினார்கள். மொம்பாசா துறைமுகத்துக்குப் பக்கத்தில் இடம் வாங்கச் சொன்னார்கள். சாலை, மின்சாரம், வரிச்சலுகை எல்லாம் அங்கே சரியாக இருந்தன. சேர்மனுக்கும் திருப்தி. பத்மாவதி மட்டும் என்னிடம் வந்தார். "அவங்க சொன்னது ஒண்ணும் தப்பில்லீங்க, கதிர்வேல். பம்ப் எங்க வந்து எறங்கும்னு பாத்திருக்காங்க. அது எங்க போயி ஓடும்னு நாம ஒருக்கா பாத்துட்டு வந்துரலாமுங்க" என்றார்.

அப்படித்தான் நகுருவுக்குப் போனோம். துறைமுகத்திலிருந்து வெகுதூரம் உள்ளே, விவசாயிகள் சூழ்ந்த நகரம். எல்லோரும் நிலத் தரகரைத் தேடுவார்கள். பத்மாவதி பழுது பார்க்கும் கடைகள் இருந்த தெருவைத் தேடினார். எதிரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். மோட்டார் பைக்கின் பின்னால் கட்டியும் சின்ன லாரிகளில் போட்டும் பழுதான பம்ப்களைக் கொண்டு வந்துகொண்டே இருந்தார்கள். அந்தத் தெருவில் எத்தனையோ கடைகள் இருந்தும், பெரும்பாலானவர்கள் ஒரே கடைக்குள்தான் நுழைந்தார்கள். அதுதான் வஞ்சிருவின் கடை. அப்போது அவருக்கு மூன்று ஊர்களில் கிளைகள் இருந்தன.

பத்மாவதி உள்ளே போய்த் தன்னை அறிமுகம் செய்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்களிடம் பம்ப் வாங்காதவர்கள்கூட ரிப்பேருக்கு உங்களிடமே வருகிறார்களே, ஏன்?"

வஞ்சிரு சிரித்தார். "சரி செய்ய முடியாததை முடியாது என்று சொல்லிவிடுவேன். அதனால்தான்."

வெளியே வந்ததும் பத்மாவதி, "எடம் பாத்தாச்சுங்க" என்றார்.

"மேடம், இன்னும் ஒரு சென்ட் பூமிகூடப் பாக்கலீங்களே!"

"பூமி எங்க வேணும்னாலும் கெடைக்குமுங்க. இந்த மாதிரி ஒரு ஆளு கெடைக்கறதுதான் கஷ்டம்."

ஆலைக்கு இடம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஓர் ஆளைப் பார்த்து ஊரை முடிவு செய்த ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

கோவைக்குத் திரும்பியதும், வஞ்சிருவைக் கூட்டாளியாகச் சேர்ப்பதில் பங்கு பற்றிய பேச்சு வந்தது. சேர்மனுக்குப் பெரும்பங்கு நம் கையில் இருக்க வேண்டும். பத்மாவதி சரிபாதி என்றார். "பாதிக்குப் பாதி குடுத்துட்டா நாளைக்கு நம்ம பேச்சை யாரு கேப்பா, அம்மணி?" என்று கேட்டார் சேர்மன்.

"நாம அங்க வேலைக்கு ஆள் எடுக்கப் போகலீங்க. சம்பந்தம் வைக்கப் போறோம். சம்பந்தி ஊட்டுல போயி எம்பேச்சைத்தான் கேக்கோணும்னு சொல்ல முடியுங்ளா?"

சேர்மன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே சரிபாதி முடிவாயிற்று.

ஆலை நன்றாக நடந்தது. பிறகு ஒரு கோடை. மழை தவறி, விவசாயிகள் ஆழ்துளைக் கிணறுகளை மட்டுமே நம்பியிருந்த நேரம். கோவையிலிருந்து நாங்கள் அனுப்பிய நீர்மூழ்கி மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. நானும் பத்மாவதியும் அடுத்த விமானத்தில் போனோம். ஆலை வாசலில் பெருங்கூட்டம். தோட்டங்களில் தக்காளியும் முட்டைக்கோசும் வாடிக்கொண்டிருந்தன. வஞ்சிருவின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். அவர்கள் நம்பி வாங்கியது அவரைத்தானே தவிர நம்மை அல்ல. போதாததற்கு, உலகம் முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு பெரிய கம்பெனி, கோவைக்காரர்களை விட்டுவிட்டு எங்களோடு வாருங்கள் என்று அதே வாரத்தில் அவரை அழைத்திருந்தது.

நான் நான்கைந்து மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தேன். சுற்றியிருந்த செம்புக் கம்பியின் மேல்பூச்சு மட்டமானது. விலை குறைவு என்று நாங்கள் புதிதாக வாங்கிய கம்பி அது.

வஞ்சிருவின் அறையிலிருந்து சேர்மனுக்கு ஃபோன் போட்டோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒப்பந்தத்துல வோல்டேஜ் பத்தி எழுதியிருக்குதில்ல, அம்மணி? கரண்டு சரியில்லாம மோட்டார் போனா நாம பொறுப்பில்லைன்னு. அதைக் காட்டுங்க" என்றார்.

"அதை எழுதினதே நாந்தானுங்க. கரண்டுனால போனதுக்குத்தான் அது. இது நம்ம கம்பினால போயிருக்குது. கதிர்வேல் பிரிச்சுப் பாத்துட்டாருங்க."

"வெளிய சொல்லிப்போட்டா மத்த நாட்டுக்காரனும் வந்து நிப்பான். கம்பெனி தாங்காது."

"சொல்லாட்டி இந்தம்மா தாங்காதுங்க."

சேர்மன் மெதுவாகச் சொன்னார்: "சொன்னீங்கன்னா, திரும்பி வந்து அந்தப் பொறுப்புல இருக்க முடியாது, பாத்துக்குங்க."

"சரிங்க" என்றார் பத்மாவதி. ஃபோனை வைத்தார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், வாசலுக்கு நடந்தார்.

அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, வஞ்சிரு தங்கள் மொழியில் சொன்னார். "தவறு எங்களுடையது. மோட்டாரைச் செய்தவர்கள் நாங்கள். வஞ்சிரு உங்களை ஏமாற்றவில்லை. கடைசி மோட்டார் மாற்றப்படும் வரை நான் இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன்." கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டார்: "வாடின பயிருக்கு என்ன பதில்?" பத்மாவதி தலை குனியவில்லை, சமாளிக்கவும் இல்லை. "அதற்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா" என்றார். கூச்சல் அடங்கியது. ஐந்தடி உயரம்கூட இல்லாத அந்தப் பெண்மணியைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்மாவதி எல்லோர் முன்பும் சொல்லிவிட்டதால், அதைச் செய்தாக வேண்டிய கட்டாயம் சேர்மனுக்கு. புது மோட்டார்கள் விமானத்தில் வந்தன. சில தோட்டங்களைக் காப்பாற்ற முடியவில்லை. பல தோட்டங்களில் தண்ணீர் மறுபடி வந்தது. பத்மாவதி ஒவ்வொரு ஊருக்கும் போய், குழாயில் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த ஊருக்குக் கிளம்பினார். அந்தப் பெரிய கம்பெனியின் அழைப்பைப் பற்றி வஞ்சிரு பின்னாளில் என்னிடம் சொன்னார்: "கையெழுத்துப் போடும் முடிவில்தான் இருந்தேன். அவர் வாசலில் போய் நின்றதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை."

சேர்மனும் சொன்ன சொல் மாறவில்லை. திரும்பி வந்த பத்மாவதிக்குக் கேன்டீனும் கம்பெனிப் பேருந்துகளும் பொறுப்பாகக் கொடுக்கப்பட்டன. நாடு நாடாகப் போய் ஒப்பந்தம் பேசியவர், பெருந்துறைக்குப் போகும் பேருந்து ஏன் தாமதம் என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டு நின்றார். நம் கம்பெனியில் வேலை பார்த்த உங்களில் பலர் அவரை அறிந்தது அப்போதுதான். நாம் சாப்பிட்டதிலேயே நல்ல சாம்பார் அந்தக் காலத்துச் சாம்பார்தான் என்று இன்றும் பேசிக்கொள்கிறோம்.

"வருத்தமா இல்லீங்களா, மேடம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வருத்தம் இல்லாம இருக்குமுங்களா? ஆனா அவரு சொன்னதை அவரு செஞ்சாரு. நாஞ் சொன்னதை நாஞ் செஞ்சேன். இதுல யாரு மேல கோவிச்சுக்கறது?"

கூட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வஞ்சிரு கோவைக்கு வந்தார். மேசையில் அமர்ந்ததும் சுற்றிப் பார்த்து, "பத்மா எங்கே?" என்றார். அவர் இப்போது இந்தப் பிரிவில் இல்லை என்றார்கள். "அப்படியானால் அவர் வரும்வரை காத்திருக்கிறேன்" என்று கைகளைக் கட்டிக்கொண்டார். சேர்மன் எழுந்தார். யாரையும் அனுப்பவில்லை. முற்றத்தைக் கடந்து அவரே கேன்டீனுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். பத்மாவதி சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அம்மணி, வரோணும்."

"வாரேனுங்க" என்றார் அவர். "மணி ஒண்ணாச்சுங்களே, நீங்க சாப்புட்டீங்களா? ஒக்காருங்க, ரெண்டு வாய் சாப்புட்டுட்டுப் போலாம்."

சேர்மன் தொழிலாளர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றைக்கே பழைய பொறுப்பு பத்மாவதியிடம் திரும்பி வந்தது. பின்னர் பக்கத்து நாடுகளில் நாம் கால் வைத்ததெல்லாம் வஞ்சிருவின் கை பிடித்துத்தான்.

பத்மாவதியைத் தகனம் செய்த அன்று மின்மயானத்துக்குச் சேர்மன் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அந்த அம்மணிய எறக்கி வெச்சேன், கதிர்வேல். அத்தனை வருசத்துல ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டுலீங்க" என்றார். வஞ்சிருவால் அன்று வந்து சேர முடியவில்லை.

பத்மாவதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். ஒப்பந்தக் கையெழுத்துக்கு முந்தைய மாலையில், அறையைச் சாத்திவிட்டு, மறுநாள் எதிர்த்தரப்பார் உட்காரப் போகும் நாற்காலிகளில் எங்களை உட்கார வைப்பார். "இப்ப அவுங்களா இருந்து படிங்க" என்பார். எந்த வரியைப் படிக்கும்போது எங்கள் முகம் சுருங்கியதோ, அந்த வரியைத் திருத்தி எழுதுவார்.

எனக்கு இப்போது ஒப்பந்தங்கள் வருவதில்லை. ஆனால் சென்ற வாரம் அன்னூரில், தோட்டத்தையும் கிணற்றையும் பாகம் பிரிப்பது பற்றித் தம்பியோடு பேச்சு வந்தது. நான் எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏனுங்ணா, இங்க வந்துட்டீங்க?" என்றான். தோட்டத்தின் வரைபடத்தை இழுத்துப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தபோது, கிணறு அவன் பாகத்தில் இருப்பதுதான் நியாயம் என்று தெரிந்தது.