கொட்டகைச் சுவரில் ஊதாப்பூ

ஏழாவது மாடியில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறதாம்; வீட்டுச் சாமான்களையெல்லாம் விற்கிறார்களாம். "புத்தக அலமாரி சல்லிசா கெடைக்கும், வாம்மா" என்று மகள் இழுத்துக்கொண்டு போனாள். அலமாரியை நான் எங்கே பார்த்தேன்? கூடத்தில் ஒரு பிரம்புப் பெட்டி திறந்து கிடந்தது. தோல் வார் போட்ட பெட்டி. உள்ளே எனாமல் தட்டுகள், கப்புகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பூ.

"பிக்னிக் செட் பாட்டி. துரைங்க காலத்து ஸ்டைல். பழைய சாமான் சந்தையா அலைஞ்சு ஒண்ணொண்ணா சேத்தேன்" என்றாள் அந்த வீட்டுப் பெண். நல்ல பெண்தான். உட்காரச் சொல்லிக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள்.

ஒரு கப்பை எடுத்துத் திருப்பினேன். காதின் உள்பக்கம் எனாமல் போய் இரும்பு தெரிந்தது. "அதுதான் பாட்டி பழசோட அழகு" என்றாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. காலையில் போட்ட ரத்தக்கொதிப்பு மாத்திரை அத்தோடு வீண். பெட்டியில் அடுக்கி வைத்த கப்புக்குக் காது தேயாது. தினமும் ஆணியில் மாட்டி எடுத்தால்தான் அந்த இடத்தில் தேயும். இந்தக் கப்பு எந்த ஆணியில் தொங்கியதோ எனக்குத் தெரியாது. ஆனால் இதே மாதிரி தொங்கிய கப்புகளை எனக்குத் தெரியும்.

பிரம்பு வாசனை வந்தால் எனக்கு அம்மாவின் தலை ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். வெள்ளைக்காரன் போன பிறகும், இந்தக் குளிர் பிடித்துப்போய் ஓசூர்ப் பக்கமே தங்கிவிட்ட துரைகள் சிலர் உண்டு. ஐம்பதுகளில் அப்படி ஒரு துரை பங்களாவில் என் அம்மா முனியம்மா பாத்திரம் தேய்த்தாள். துரையும் துரைசானியும் தளிப் பக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடப் போவார்கள். சாப்பாடு வைத்த பிரம்புப் பெட்டி அம்மா தலையில் போகும். வீட்டில் சாப்பாடு இருக்கும்போது ஏரிக்கரைக்கு எதற்குத் தூக்கிப் போக வேண்டும் என்பது அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. எனக்கும்தான்.

ஒருமுறை அங்கே மழை பிடித்துக்கொண்டது. நடுங்கிக்கொண்டு நின்ற அம்மாவுக்குத் துரைசானி ஊதாப்பூப் போட்ட கப்பில் டீ ஊற்றிக் கொடுத்தாள். அவள் புண்ணியவதி என்று சொல்ல வரவில்லை. அந்த ஏரிக்கரையில் வேறு பாத்திரம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அம்மா அதை மறக்கவில்லை. "காது புடிச்சி குடிச்சேன்டி, சூடே தெரியல" என்று வீட்டில் விரலை வளைத்துக் காட்டினாள்.

துரையும் ஒருநாள் கப்பலேறினான். பங்களா வாசலில் சாமான்களைப் பரப்பி ஏலம் விட்டார்கள். பிரம்புப் பெட்டியை எடுத்தவர் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர். ராகிக் காடு, கொள்ளுக் காடு எல்லாம் அவருடையது. துரை பெட்டியை வண்டியில் வைத்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வாசலிலேயே அவர் பெண்சாதி மறித்துவிட்டாள்; பெரியம்மா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அந்த வீட்டில் கொஞ்சுவது கன்னடத்தில், ஏசுவது தமிழில். அன்றைக்குத் தமிழ். "மாட்டுக்கறி தின்ன தட்டு, என் வூட்டுக்குள்ள வரப்படாது."

ஊரறிய ஏலம் எடுத்ததைத் தூக்கியெறிய மனசு வருமா? மாட்டுக்கொட்டகைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்துக் கப்புகளை மாட்டினார்கள், அவர் காட்டில் வேலை செய்த எங்களுக்காக. அதுவரை எங்களுக்குக் கொட்டாங்குச்சிதான். இனிமேல் காலைக் காப்பித் தண்ணி துரை குடித்த கப்பில். எங்கள் சனத்துக்குத் தலைகால் புரியவில்லை. ரோசாப்பூ யாருக்கு என்று அடிதடியே நடந்தது. அம்மா நேராகப் போய் ஊதாப்பூவை எடுத்துக்கொண்டாள். களை பறிக்க அவளோடு போய்க்கொண்டிருந்த எனக்கு மஞ்சள் பூ. மாட்டு மூத்திர வாடைக்கு நடுவில் குந்தி, பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குடித்தோம். ஏனத்தில் பூப் போட்டுவிட்டால் தீண்டாமை மணக்குமா? நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஊற்றுகிற பெரியம்மாவின் கை எங்கள் கப்பில் பட்டுவிடாமல் அப்போதும் முழ உயரத்தில்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் தாசில்தார் வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். "துரை வெச்சிருந்த பூப்போட்ட செட்ட நீங்கதான் எடுத்தீங்களாமே, கண்ல காட்டுங்க" என்று கேட்டுவிட்டார். மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது என்று பெரிய வீட்டுக்காரர் வாயால் சொல்ல முடியுமா? பின்வாசல் வழியாக ஓடி வந்து, "முனியம்மா, வெரசா கழுவிக் குடு" என்றார். அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் படியில் கவிழ்த்தாள். பெரியம்மா மஞ்சள் தண்ணி தெளித்து உள்ளே எடுத்துப் போனாள். எங்கள் எச்சில் மஞ்சள் தண்ணியில் போய்விடும், பாருங்கள். ஆனால் நாங்கள் மட்டும் எதில் குளித்தாலும் அந்தப் படியேற முடியாது.

தாசில்தார் ஊதாப்பூவில் காப்பி குடித்தார். மீசை நனைய, வாய் வைத்தே குடித்தார். வேலி ஓரத்திலிருந்து நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். "நல்ல அயிட்டம்" என்றார்.

மறுநாள் காலையில் கப்புகள் பழையபடி ஆணியில் தொங்கின. பெரியம்மா காப்பிச் சட்டியோடு வந்தாள். எல்லோரும் கப்பை நீட்டினோம். அம்மா வெறுங்கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, கப்பு எங்க?"

"வேணாங்கம்மா. நேத்து அதுல யாரோ வாய் வெச்சி குடிச்சிட்டாங்க. எங்களுக்கு ஆகாது."

பெரியம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் சட்டியைத் தரையில் அடித்தாள். என் கால்மேல் தெறித்த கொதிகாப்பியின் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

அன்றோடு எங்களுக்கு அந்த ஊரில் வேலை இல்லை. சுற்று வட்டாரத்தில் எவனும் அம்மாவைக் காட்டு வேலைக்கு எடுக்கவில்லை. எங்கள் சனம் என்ன சொன்னது தெரியுமா? "பூப்போட்ட கப்புல குடுத்தாங்க, இவளுக்கு நாக்கு நீளம்." பெரியம்மா மேல்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் இல்லை. இந்தப் பேச்சின் மேல்தான். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து செங்கல் சுமந்தாள். நான் படித்து நர்சானேன். அவள் சாகும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தனி டம்ளர் என்று ஒன்று கிடையாது. வந்தவர் யாரானாலும் அவள் டம்ளரில்தான் தண்ணீர். குடிக்கத் தயங்கினால் வாசலைக் காட்டுவாள்.

பெரிய வீடு இப்போது இல்லை. இடித்து மனை போட்டு விற்றுவிட்டார்கள். கொட்டகை இருந்த இடத்தில் லாரி நிற்கிறது. துரை பங்களாவில் ஏதோ கம்பெனி விருந்தாளிகள் தங்குகிறார்கள். ராகிக் காட்டில் தொழிற்சாலை வந்துவிட்டது.

இதையெல்லாம் ஏழாவது மாடிப் பெண்ணிடமும் சொன்னேன். கண் கலங்கிவிட்டாள். "எவ்ளோ கொடுமை பாட்டி! நல்லவேள, அந்தக் காலமெல்லாம் போச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் மனசு கொஞ்சம் இளகித்தான் போனது. குடித்த டம்ளரை வைத்துவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன்.

வீட்டு வேலைக்கு வரும் பெண் தரையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்தாள். தன் எவர்சில்வர் டம்ளரைத் தானே கழுவினாள். அலமாரியில் இருந்த மற்ற டம்ளர்களோடு வைக்கவில்லை. ஜன்னலைத் திறந்து, வெளித்திட்டில் கவிழ்த்து வைத்தாள்.

டம்ளரில் பூ மட்டும் இல்லை.