பாதி சொருகிய ஒயர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடப்பாக்கத்தில் அம்மன் திருவிழா. என் மனைவி செல்வி முதன்முறையாக மேடையேறிக் கோலாட்டம் ஆடினாள். மகனுடைய லேப்டாப்பை ஸ்பீக்கர் செட்டோடு இணைத்துப் பாட்டுப் போடுவது என் வேலை. போட்டேன். மேளம் கேட்டது, புல்லாங்குழல் கேட்டது, பாடுகிறவள் குரல் மட்டும் வரவில்லை. எங்கே அடி எடுப்பது என்று புரியாமல் பெண்கள் கோலும் கையுமாக நின்றுவிட்டார்கள். கூட்டம் சிரித்தது. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னாய்யா பாத்துகினு கீற? தெனம் கேட்ட பாட்டுதானே, நீ பாடு!" என்றாள்.

நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் நான். ஆனால் அவள் சமையலறையில் பாடிப் பாடிப் பழகியதில் பாட்டு எனக்கு மனப்பாடம். பக்கத்திலிருந்த மைக்கைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கோல்கள் தட்டும் சத்தம் கேட்டது.

பாதியில் சவுண்ட் செட்காரர் ஓடிவந்தார். "அண்ணாத்த, ஒயரு பாதிதான் உள்ள போயிருக்கு. அதான் குரலு வரல. முழுசா சொருவட்டா?"

ஆடிக்கொண்டே செல்வி கத்தினாள்: "வாணாம், வுடு! அந்தாளே பாடட்டும்!"

அவளுக்கு என் குரல் பிடிக்கும் என்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. வேலைக்குப் போகவில்லை.