இடது கிராங்க்

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு சைக்கிள் கிராங்க் கிடக்கிறது. மிதியைத் தாங்கும் இரும்புத் தண்டு, இடது பக்கத்துடையது. இந்தத் துருவை ஏன் வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். கேட்பவர் மேல் அல்ல.

அது என் சித்தப்பாவினுடையது. இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்குக் கீழே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு டவுனிலிருந்து தபால் பை கொண்டுவந்தவர் அவர். அவருடைய சைக்கிள் ‘ஃபிக்ஸட் வீல்’. சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும். இறக்கத்தில்கூடக் காலுக்கு ஓய்வில்லை. கிராங்க் குட்டை என்பதால் ஏற்றத்தில் எவ்வளவு அழுத்தினாலும் ஏறாது. தோட்ட மேனேஜரான துரையின் பங்களா வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். பங்களாவுக்கு முன்னால் தொழிலாளி எவனும் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அதனால் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் எல்லோருக்கும் அவரைத்தான் காட்டுவார். “தபால்காரனப் பாருங்கடா. மரியாத தெரிஞ்சவன்.” சித்தப்பா எங்கள் குடியிருப்பான லயத்துக்கு வந்து சிரிப்பார். “மரியாதையாம்! சைக்கிள் ஏறுனா நான் ஏன் எறங்குறேன்?”

ஒரு தீபாவளிக்கு முன்னால், பதுளையில் சைக்கிள் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் நீளமான கிராங்க் ஜோடி வாங்கி மாட்டினார். “ஏத்தத்துக்கு நல்ல சாமான். வளைவுல மட்டும் சாய்க்க வாணாம், மிதி நெலத்துல இடிக்கும்” என்றாராம் நானா. மறுநாள் காலை அந்த வளைவில் சித்தப்பா இறங்கவில்லை. சைக்கிளைச் சாய்க்காமல், நிமிர்ந்து உட்கார்ந்து, மிதித்து ஏறினார். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மலையிலிருந்து கூவினார்கள். துரை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த நாள் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், எல்லோர் முன்னாலும் கிளாக்கர் கேட்டார்: “நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போனியாமே?” கிராங்கை இறுக்கிப் பிடிக்கும் ‘பின்’னைச் சுத்தியலால் தட்டி, இடது கிராங்கைக் கழற்றச் சொன்னார். “இனி தள்ளிக்கிட்டே போ.” அதை ஆபீஸ் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். என் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, “தம்பி தெரியாம செஞ்சிட்டான் ஐயா” என்றார். “தெரிஞ்சுதான் செஞ்சேன்” என்றார் சித்தப்பா. அப்பா அவர் வாயைப் பொத்தினார். அந்தக் கையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒற்றைக் கிராங்க் சைக்கிளைச் சித்தப்பா ஒருநாளும் தள்ளவில்லை. தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலம் அது; இந்தியப் பாஸ்போர்ட் வந்ததும் ரயிலேறிப் போய்விட்டார். பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, துரையும் போனார். ஆணியில் தொங்கிய கிராங்கை நான் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் பதுளை பஸ் ஸ்டாண்டில் அந்தக் கிளாக்கரைப் பார்த்தேன். கிழவராகிவிட்டார். பாசமாக என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க சித்தப்பா மாதிரி மரியாத தெரிஞ்ச ஆளு இப்ப எங்க தம்பி? பங்களாகிட்ட வந்தா எறங்கிருவாரே” என்றார். மனுஷன் சுத்தியலை மறந்தே போய்விட்டார்! “அவரு எறங்குனது ஏத்தத்துக்கு. ஒங்களுக்கு இல்ல” என்றேன். காது கேட்கவில்லை போலும், தலையாட்டிச் சிரித்தார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தடவை கத்தினேன். அதற்கும் சிரித்தார்.

நேற்று கிராங்கைத் துடைத்தேன். துரு போய்விட்டது, சுத்தியல் பட்டு நசுங்கிய இடம் அப்படியே இருக்கிறது. அடுத்த தடவை பதுளைக்குப் போகும்போது இதைப் பையில் எடுத்துப் போகப்போகிறேன். அவருக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகத் தெரிகிறது. காகிதங்கள் பறந்தால் பறக்கட்டும்.