அம்மா சொன்னது

வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு எங்கள் பனியன் கம்பெனியைச் சுற்றிக்காட்டுவது என் வேலை. இன்று இஸ்திரி மேசையருகே சூடான பனியன் வாசம். அம்மா ஞாபகம்.

இருபது வருஷத்துக்கு முன், நாடுகளுக்கிடையே நட்பு வளர்க்கும் குழு ஒன்று, பெருமாநல்லூரில் எங்கள் ஊட்டுக்கு ஒரு வெள்ளைக்காரம்மாவைச் சாப்பிடக் கூட்டி வந்தது. பனியன் கம்பெனி டெய்லரான அம்மா, அவர் போட்டிருந்த டீ-ஷர்ட் பனியனின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது நாங்க தெச்சதுங்க. ஒன்றரை ஷிப்ட்டு, பன்னெண்டு மணி நேரம், உக்காந்து இடுப்பே போச்சுங்க."

"உங்கள் உடை அழகாம்" என்று குழுக்காரர் இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். இங்கிலீஷ் புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று டெய்லர் அக்கா ஒருத்தி விருந்தாளிகளிடம், "ஒன்றரை ஷிப்ட்டு முடியலீங்க" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்களைப் பார்த்ததில் ரொம்பச் சந்தோஷமாம்" என்றேன்.